முதுசமோ, சீதனமோ, தேடியதேட்டமோ? எங்கட காணி பிரிச்ச அனுபவம்

யாழ்ப்பாணத்தில காணி விஷயம் கதைக்கத் தொடங்கினா எல்லாரும் முதல்ல கேக்கிறது பரப்பு என்ன விலை போகுது எண்டுதான். விலையெல்லாம் பேந்து பாக்கலாம். முதல்ல கேக்கவேண்டியது அந்தக் காணி உங்கட ஆளுக்கு எந்த வழியால வந்தது எண்டு. தாய் தேப்பன் செத்து இறங்கினதோ, கலியாணத்துக்கு எழுதிக் குடுத்ததோ, கட்டினாப்பிறகு உழைச்சு வாங்கினதோ. முதுசம், சீதனம், தேடியதேட்டம். உது அந்தக்காலத்து ஆக்கள் கதைக்கிற சொல்லெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிற சனம் கன. இண்டைக்கும் மாவட்ட நீதிமன்றத்தில காணி வழக்கு வெல்லுறதும் தோக்கிறதும் அந்த மூண்டு சொல்லிலதான் நிக்குது.

எங்கட அம்மான்ர பக்கத்துக் காணியப் பிரிக்க வெளிக்கிட்டபோது ஊரில நிண்ட படிச்ச ஆள் நான்தான் எண்டு சொல்லி எல்லா உறுதியும், அதாவது காணிப் பத்திரமும், என்ர தலையில வந்து விழுந்தது. நான் லோயர் இல்லை. லோயரோட, உறுதி எழுதிற நொத்தாரிசோட, சேர்வேயரோட, சொந்தக்காரரோட மாறி மாறி மல்லுக்கட்டினதில தெரிஞ்சுகொண்டதைத்தான் எழுதிறன். உங்கட காணிக்குக் கட்டாயம் ஒரு சட்டத்தரணிட்டக் காட்டுங்கோ, சொந்தத்துக்க இருக்கிற "சட்டம் தெரிஞ்ச" ஆளிட்டக் கேட்டு முடிவெடுக்காதேங்கோ.

அந்த மூண்டு சொல்லும் யாழ்ப்பாணத் தமிழரின்ர தேசவழமைச் சட்டத்தில வாற சொல்லுகள். தேசவழமை எண்டது ஊர்ப்பழக்கம்தான், ஆனா வாய்ப்பழக்கமா மட்டும் இருந்த காலம் எப்பவோ போட்டுது. ஒல்லாந்தற்ற காலத்தில, 1707ல, கிளாஸ் ஐசாக்ஸ் எண்ட திசாவை (ஒல்லாந்த அதிகாரி) ஊரில நடக்கிற வழக்கங்களைத் தொகுத்து எழுதினார், அதைத் தமிழாக்கி 12 முதலிமாருக்குக் காட்டிச் சரிபாத்தது. பேந்து வெள்ளைக்காரன் வந்து 1806ல 18ம் இலக்க ஒழுங்குவிதியால அதைச் சட்டமாக்கினான். அதுக்குப்பிறகு 1911ல யாழ்ப்பாணத் திருமண உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டம், 1947ல அதுக்கு ஒரு திருத்தம், அதே வருஷம் பங்குக்காரருக்கு முதல் வாங்கிற உரிமையப் பற்றித் தனியா ஒரு கட்டளைச் சட்டம். ஆக நாங்கள் "ஊர் வழமை" எண்டு சொல்லுறதில முக்கால்வாசி இண்டைக்கு அச்சடிச்ச சட்டம், மிச்சம் தீர்ப்புகள். ஊர்ப்பெரியவர் ஒராள் "அந்தக்காலத்தில இப்பிடித்தான்" எண்டு சொன்னா அது சரியாயும் இருக்கலாம், 1947லயே வெட்டிப்போட்ட விஷயமாயும் இருக்கலாம்.

எங்கட காணி வலிகாமம் வடக்குப் பக்கம், ரெண்டு துண்டு. ஒண்டு அம்மம்மான்ர சீதனக்காணி, 12 பரப்பு, கிணறு அதுக்குள்ள. மற்றது அம்மப்பா 1968ல வாங்கின 8 பரப்புத் தோட்டக்காணி. தெரியாதாக்களுக்குச் சொல்லுறன், வரகுப் பரப்பெண்டா 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்புக்கு 18 குழி. நெல்லுப்பரப்பு வேற அளவு, உறுதியில எது எழுதியிருக்கெண்டு கண்ணை விரிச்சுப் பாருங்கோ. அம்மப்பா 1987ல செத்திட்டார். 1990ல ஊரே இடம்பெயர்ந்தது. அம்மம்மா 2008ல வாடகை வீட்டில செத்தவ. பிள்ளையள் நாலு பேர்: பெரிய மாமா கனடா போய் அங்கயே காலமாகிட்டார், பிறகு அம்மா, சின்னம்மா, கடைசி சின்ன மாமா. 2011ல ஆமி எங்கட பக்கத்தை விட்டவுடன முதல் ஆளாப் போய்ப் பத்தையெல்லாம் வெட்டிக் கதியால் போட்டு வேலி அடைச்சது சின்ன மாமாதான். அதை ஒருத்தரும் மறுக்கேல்ல.

அவருக்குக் காசு தேவைப்பட்டுது, ஒரு வெளியாளுக்கு விலை பேசிப்போட்டார். ஆள் லேசில சொல்லமாட்டார், வாங்க வந்த ஆளின்ர லோயர் "பங்குக்காரருக்கு அறிவித்தல் குடுத்ததோ" எண்டு கேட்டபடியாத்தான் எங்களுக்கே தெரியவந்தது. நான் கேக்கப்போக அவர் சொன்னது, "தம்பி, நான் பத்து வருஷத்துக்கு மேல ஆண்டுகொண்டிருக்கிறன், இனி இது என்ர." ஊரில பாதிப்பேர் அப்பிடித்தான் நம்புகினம்.

இந்தப் பத்து வருஷக் கதை எங்கிருந்து வருதெண்டா 1871ம் ஆண்டு ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில இருந்து. பிறத்தியான் ஒருத்தன்ர காணிய எதிரா, தடையில்லாமல் பத்து வருஷம் ஆண்டா உரித்துக் கேக்கலாம், அது உண்மை. ஆனா பங்குக்காரருக்க அது அப்பிடி வேலை செய்யாது. ஒரு பங்குக்காரன் ஆளுறது எல்லாப் பங்குக்காரருக்காகவும் ஆளுறதாத்தான் சட்டம் எடுக்கும், 1911ல கொறெயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கில பிறிவி கவுன்சில் (அந்தக்காலத்தில லண்டனில இருந்த கடைசி மேன்முறையீட்டு மன்றம்) சொன்னது, இண்டைக்கும் லோயர்மார் அதைத்தான் முதல்ல தூக்குவினம். "இது என்ர மட்டும், நீங்கள் உள்ள வரேலாது" எண்டு வெளிப்படையா மற்றவையளை வெளிய தள்ளினதைக் காட்டோணும். கதியால் போட்டதும் வாழை வச்சதும் மட்டும் காணாது. இதைப் பார்த்திட்டு, வெளிநாட்டில இருக்கிற ஆக்கள், "அப்ப எனக்குப் பயமில்லை" எண்டு படுத்துப்போடாதேங்கோ, கனகாலம் ஒரு சத்தமும் போடாமல் விட்டா வெளியதள்ளின மாதிரித்தான் எண்டு ஊகிக்கச்சொல்லியும் தீர்ப்பு இருக்கு. விளைச்சல் காசில ஒரு பங்கோ, வேலி அடைக்க நீங்கள் அனுப்பின காசோ, ஏதாவது ஒரு எழுத்து இருந்தா நல்லது. எங்களுக்கு உதவினது அம்மா காசு அனுப்பின பாங்க் துண்டு.

அடுத்தது முன்னுரிமை, அதாவது முதல் வாங்கிற உரிமை. ஊரில "வேலிக்காரனுக்குத்தான் முதல் உரிமை" எண்டு பக்கத்துக் காணிக்காரர் வந்து நிண்டார், அவரும் சும்மா சொல்லேல்ல, பழைய தேசவழமையில ஒற்றி (அடைமானம்) வச்சிருக்கிற அயலவருக்கும் இடம் இருந்தது. 1947 சட்டம் அதை வெட்டிப்போட்டு, பிரிக்காத பங்கை விக்கேக்க கூடப் பங்குக்காரருக்கும், விக்கிற ஆள் எழுதாமல் செத்தா உரித்தாளரா வரக்கூடிய ஆக்களுக்கும் மட்டும் எண்டு சுருக்கிச்சு. விக்கிற ஆள் முதல்ல நொத்தாரிசு மூலம் விலையச் சொல்லி அறிவித்தல் குடுக்கோணும், மற்றவை குறிச்ச தவணைக்குள்ள வாங்கிறமெண்டா வாங்கலாம். குடுக்காமல் வித்தா பங்குக்காரர் வழக்குப் போட்டு அந்தப் பங்கைத் தங்கட பக்கம் எடுக்கலாம், அதுக்கும் காலக்கெடு இருக்கு. வெளியாள் ஒராள் யாழ்ப்பாணத்தில பிரிக்காத பங்கு வாங்கிறதெண்டா விலை மலிவெண்டு துள்ளிக்கொண்டு போகாதேங்கோ, எல்லாப் பங்குக்காரருக்கும் அறிவித்தல் போன பற்றுச்சீட்டைப் பாத்திட்டுக் காசை எடுங்கோ.

இதுக்குள்ளதான் கனடா மச்சான் ஒராள், பெரிய மாமான்ர மூத்தவர், நான் வாங்கிறன் எண்டு நிண்டார். பாசம் தான், சந்தோஷம் தான். ஆனா அவர் கனடாப் பிரஜை, இரட்டைக் குடியுரிமை எடுக்கேல்ல. 2014ம் ஆண்டு 38ம் இலக்கச் சட்டத்தால வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணி விக்கேலாது. தேப்பன்ர பங்கு உரித்தாளரா அவருக்கு வாறதுக்குத் தடையில்லை, காசு குடுத்து மாமான்ர பங்கை வாங்கிறதுதான் தடை. தேசவழமை "நீ வாங்கலாம்" எண்டு சொல்லுது, நாட்டுச் சட்டம் "நீ வெளிநாட்டான்" எண்டு சொல்லுது. கடைசியில அம்மா வாங்கினவ, மச்சான்மார் கடனாக் காசு தந்தவை. வெளிநாட்டில இருக்கிற தம்பி தங்கச்சியள், ஊரில காணியில ஒட்டு இருக்கெண்டா இரட்டைக் குடியுரிமையப் பிறகு பாப்பம் எண்டு தள்ளாதேங்கோ.

இப்ப நான் முதல்ல சொன்ன கேள்விக்கு வாறன், ஏனெண்டா எங்கட வீட்டில பெரிய சண்டை அதில தான் வந்தது. 2004ல, சமாதானக் காலத்தில, அம்மம்மா அந்த 8 பரப்பு முழுக்க சின்னம்மாவுக்கு நன்கொடை உறுதி எழுதியிருந்தவ, சின்னம்மாதான் அவவைப் பாத்தது. உறுதி நொத்தாரிசு முன்னால, ரெண்டு சாட்சி, பதிவும் இருக்கு, ஒரு பிழையும் சொல்லேலாது. ஆனா அந்தக் காணி அம்மப்பா கலியாணத்துக்குப் பிறகு வாங்கினது, தேடியதேட்டம். 1947 திருத்தத்துக்குப் பிறகு, ஒருத்தர் எழுதிவைக்காமல் செத்தா அவற்ற தேடியதேட்டத்தில அரைவாசி மிஞ்சியிருக்கிற புருசனுக்கோ பெண்சாதிக்கோ, மற்ற அரைவாசி உரித்தாளருக்கு. அப்ப 1987லயே அம்மம்மாவுக்கு 4 பரப்பு, பிள்ளையள் நாலு பேருக்கும் தலைக்கு ஒரு பரப்பு எண்டு இறங்கிப்போட்டுது. அவவுக்கு இருந்தது 4, எழுதினது 8. தன்னட்ட இல்லாததை ஒராள் எழுதிக் குடுக்கேலாது. ஆகச் சின்னம்மாவுக்கு அந்த உறுதியால 4, தேப்பன் வழியால 1, அஞ்சு பரப்பு. மற்ற மூண்டு பேருக்கும் ஒவ்வொரு பரப்பு.

சீதனக்காணி நேர்மாறு. அது அம்மம்மான்ர சொந்தம், அம்மப்பாவுக்கு அதில ஒண்டும் போகேல்ல, அவ செத்தாப்பிறகு நாலு பிள்ளையளுக்கும் தலைக்கு 3 பரப்பு. ஒரே வேலிக்க கிடக்கிற ரெண்டு துண்டு, ரெண்டு கணக்கு. சின்னம்மா ரெண்டு மாசம் ஒருத்தரோடயும் கதைக்கேல்ல, எனக்கு அவ மேல கோவம் வரேல்ல, பதிஞ்ச உறுதிய வச்சுக்கொண்டு "அரைவாசிதான்" எண்டு கேட்டா ஆருக்கும் வயிறு எரியும். தோம்பு, அதாவது காணிப் பதிவகத்துப் பதிவேட்டை, எடுத்துப் பாத்தா அம்மம்மான்ர உறுதி வடிவாப் பதிஞ்சு கிடக்கும், காணி தேடியதேட்டம் எண்டது தோம்பில எங்கயும் எழுதியிருக்காது. அது கலியாணத் திகதியையும் அம்மப்பா வாங்கின உறுதியின்ர திகதியையும் பக்கத்தில பக்கத்தில வச்சாத்தான் தெரியும். அதால தோம்போட சேத்துத் தாத்தா பாட்டியின்ர விவாகப்பதிவு, மரணச் சான்றிதழ் எல்லாம் எடுத்து வையுங்கோ.

பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சீதன உறுதி எழுதியிருந்தா இன்னொரு சிக்கல் வரும். 1707 தொகுப்பில சீதனம் வாங்கின மகள் அதோட திருப்திப்பட்டுக்கொள்ளோணும் எண்டு கிடக்கு, இப்பவும் அதை வச்சு அண்ணன் தம்பிமார் வாதாடப் பாப்பினம். எங்கட அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் கலியாணம் இடம்பெயர்ந்த காலத்தில அவசரத்தில நடந்தபடியாச் சீதன உறுதியெண்டு ஒண்டும் எழுதேல்ல, அந்தச் சண்டை எங்களுக்கு மிச்சம்.

பெரிய மாமான்ர பங்கில லோயர் ஒரு இடத்தில நிப்பாட்டினார். தேசவழமை எண்டது யாழ்ப்பாணத்தில நிரந்தர இருப்பிடம் உள்ள தமிழரின்ர சட்டம், மாமா 30 வருஷத்துக்கு மேல கனடாவில இருந்து அங்கயே செத்தவர், அப்ப அவருக்குத் தேசவழமையோ பொதுச் சட்டமோ எண்டார். தேசவழமையெண்டா முதுசக்காணி பிள்ளையளுக்குப் போகும், பெண்சாதிக்கு இல்லை. பொதுச் சட்டமெண்டா மாமிக்கு அரைவாசி. ரெண்டு பக்கமும் வாதாடலாம், கோட்டுக்குப் போனா எத்தினை வருஷம் ஓடுமெண்டு ஆருக்குத் தெரியும். லோயர் சொன்ன வழி சிம்பிள்: மாமியையும் பிள்ளையளையும் எல்லாரையும் சேத்து அற்றோணி (தங்களுக்காகக் கையெழுத்து வைக்க இன்னொராளுக்குக் குடுக்கிற அதிகாரப் பத்திரம்) தரச்சொல்லுங்கோ, எந்தச் சட்டமெண்டாலும் கையெழுத்து முழுசா இருக்கும். அப்பிடியே செய்தம். அற்றோணித் தத்துவம் எழுதேக்க "காணி விஷயங்கள் எல்லாம்" எண்டு மொட்டையா எழுதாமல் காணியின்ர பேர், எல்லை, பரப்பு, என்ன செய்ய அதிகாரம் எண்டு விவரமா எழுதுவியுங்கோ, இங்க பதியவும் வேணும். ஒருக்கா வந்த அற்றோணியில காணியின்ர பேரை ஒரு எழுத்து மாத்தி அடிச்சிருந்தது, திரும்ப அனுப்பவேண்டி வந்தது.

எனக்குக் கோவம் வந்த இடம் வேற. 1911 சட்டத்தின்படி தேசவழமைக்கு உட்பட்ட கலியாணம் கட்டின பொம்பிளை தன்ர சொந்தக் காணிய விக்கவோ, எழுதிக் குடுக்கவோ புருசன்ர எழுத்துமூலச் சம்மதம் வேணும். புருசனுக்கு இப்பிடி ஒரு கட்டாயமும் இல்லை. சின்னம்மான்ர புருசன் 2009ல காணாமல் போனவர். பிரிப்பு உறுதியில கையெழுத்து வைக்கச் சின்னம்மாவுக்கு அவற்ற சம்மதம் வேணுமாம். மரணச் சான்றிதழ் எடுத்தா லேசு எண்டு ஒரு நொத்தாரிசு சொல்லிப்போட்டார், சின்னம்மா எழும்பி வெளிய போட்டா. 2016ல சட்டத்தைத் திருத்திக் காணாமற்போனமைக்கு எண்டு தனியாச் சான்றிதழ் ஒண்டு குடுக்கினம், அதை அவ எடுக்கச் சம்மதிச்சவ. புருசன் எங்கயெண்டு தெரியாட்டி, விட்டிட்டுப் போயிருந்தா, காரணமில்லாமல் சம்மதம் தரமாட்டனெண்டு நிண்டா மாவட்ட நீதிமன்றம் அனுமதி குடுக்கலாம் எண்டு அதே 1911 சட்டத்தில இருக்கு. அந்த வழியால போய்த்தான் முடிச்சம். தன்ர தாய் தந்த காணிக்குப் பொம்பிளை கோட்டேறி அனுமதி கேக்கிற சட்டத்தை இன்னும் வச்சுக்கொண்டு எங்கட பண்பாடு எண்டு பெருமை கதைக்கிற ஆக்களுக்கு எனக்குச் சொல்ல நல்ல வார்த்தை ஒண்டும் இல்லை. முன்னுரிமைச் சட்டம் நல்லது, வச்சிருப்பம். இதைத் தூக்கோணும்.

பிரிக்கிறதுக்கு ரெண்டு வழி. எல்லாரும் ஒத்துக்கொண்டு நொத்தாரிசிட்டப் பிரிப்பு உறுதி எழுதலாம். ஒத்துவராட்டி 1977ம் ஆண்டு 21ம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ வழக்கு. வழக்கில வாற தீர்ப்பு உலகத்தில ஆருக்கு எதிராயும் செல்லும், அது பெரிய பலம், ஆனா வழக்குப் போட்ட ஆள் செத்து அவற்ற பிள்ளை கோட்டுக்குப் போற கதையெல்லாம் எங்கட ஊரில இருக்கு. உறுதி வழி மலிவு, கெதி. ஒராள் கையெழுத்து வைக்காட்டி முழுக்கப் பிழைச்சுப்போம். இன்னொண்டும் யோசிக்கோணும், காணி பிரிஞ்சாப்பிறகு பங்குக்காரர் எண்ட உறவு அத்துப்போகும், அதோட முன்னுரிமையும் போகும். நாளைக்கு மச்சான் தன்ர துண்டை ஆருக்கும் விக்கலாம், எங்களைக் கேக்கத் தேவையில்லை. அம்மாவுக்கு அது பெரிய கவலை.

சேர்வே இல்லாமல் பிரிக்கப் போகாதேங்கோ. பழைய உறுதியில "கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னார் காணி" எண்டு எழுதியிருக்கும், அந்த இன்னாரின்ர பேரப்பிள்ளை இப்ப நோர்வேயில. இருபது வருஷம் ஒருத்தரும் போகாத இடத்தில வேலியும் இல்லை, எல்லைப் பனையும் இல்லை, கிணத்துக் கட்டை வச்சுத்தான் சேர்வேயர் கோடு பிடிச்சவர். அளந்தா உறுதியில இருக்கிறதை விடக் கொஞ்சம் குறைவாத்தான் வந்தது, வந்ததை விகிதப்படி பிரிச்சம்.

இடம்பெயர்ந்த காலத்தில பிறத்தியார் வந்து குடியிருந்த காணிக்காரருக்கு 2016ல 5ம் இலக்கச் சட்டம் ஒண்டு வந்தது, 1983 மே தொடக்கம் 2009 மே வரையான காலத்தை அந்தப் பத்து வருஷக் கணக்கில சேக்காமல் விடச்சொல்லி. வழக்குப் போட ரெண்டு வருஷம்தான் தந்தவை, எங்கட பக்கம் கனபேருக்கு அது முடிஞ்சாப்பிறகுதான் தெரியும்.

எல்லாம் முடியிற நேரம் 2025 மார்ச் 28ம் திகதி 2430ம் இலக்க வர்த்தமானி வந்து வீட்டில எல்லாரையும் கலக்கிப்போட்டுது. வடக்கில கிட்டத்தட்ட 5,900 ஏக்கர், அதில யாழ்ப்பாண மாவட்டத்தில மட்டும் 3,600 ஏக்கருக்கு மேல, மூண்டு மாசத்துக்குள்ள உரிமை கோராட்டி அரச காணியாகும் எண்டு. அதே சனத்துக்கு ஏற்கெனவே 2013ல வலிகாமத்தில 6,381 ஏக்கர் சுவீகரிக்கிறதெண்டு நோட்டீஸ் ஒட்டின ஞாபகம் போகேல்ல. உயர் நீதிமன்றம் யூன் மாசம் இடைக்காலத் தடை போட்டு, அரசாங்கம் வர்த்தமானியத் திரும்ப எடுத்தது. எங்கட துண்டுகள் அந்தப் பட்டியல்ல இல்லை. ஆனா தேடிப்பாத்த அண்டைக்கு எனக்கு ஒரு விஷயம் தெளிவா விளங்கினது, கொழும்பில இருந்து பாக்கிறவருக்கு உங்கட அம்மம்மான்ர சீதனம் எண்டது ஒரு துண்டு இலக்கம் மட்டும்தான். அந்த இலக்கத்துக்கு நேரா ஒரு உறுதியோ, தோம்போ, வரைபடமோ நீட்டேலாட்டி ஊருக்கே தெரியும் எண்டது அங்க எடுபடாது. உறுதி அழிஞ்ச ஆக்கள் காணிப் பதிவகத்தில தோம்புப் பிரதி எடுக்கலாம், நொத்தாரிசு பதிவுக்கு அனுப்பின பிரதியும் சில வேளை கிடைக்கும். வன்னியில பதிவேடுகளே சண்டையில அழிஞ்ச இடங்கள் இருக்கு, அந்தச் சனத்தின்ர பாடு எங்கட பாட்டை விடக் கஷ்டம்.

கடைசியாப் பிரிப்பு உறுதி கையெழுத்தாச்சு. சின்னம்மாவுக்கு அவவின்ர 8, அம்மா தன்ர 4ம் மாமாட்ட வாங்கின 4ம், மச்சான்மாருக்குப் பெரிய மாமான்ர 4. கிணறும் ஒழுங்கையில இருந்து கிணத்துக்குப் போற பாதையும் பிரிக்காமல் எல்லாருக்கும் பொது எண்டு நான் விடாப்பிடியா நிண்டு எழுதுவிச்சன், தண்ணி அள்ள, வாய்க்கால் கொண்டுபோக, மோட்டர் வைக்க எல்லாருக்கும் உரிமை எண்டு ஒவ்வொண்டாப் போட்டிருக்கு. உங்கட உறுதியிலயும் கிணத்துப் பங்கையும் வழியையும் மறக்காமல் எழுதுவியுங்கோ, நிலத்தை விட அதிலதான் பிறகு அடிபாடு. மோட்டருக்குக் கறண்ட் பில் ஆர் கட்டுறதெண்டு மட்டும் எழுதேல்ல, அந்த விவாதம் இப்ப வாட்ஸ்அப் குறூப்பில ஓடிக்கொண்டிருக்கு.